பிடியின் பூர்வீகம்

அமெரிக்காவில் சிக் சாவர் பி365 என்ற சிறிய பிஸ்டலை வைத்திருக்கும் ஒருவர் அதன் கைப்பிடியை மாற்ற நினைத்தால், இன்று அவர் முன்னால் ஒரு கடைத்தெருவே விரிகிறது. தயாரித்த நிறுவனமே குட்டையாகவும் நீளமாகவும் பிடிகள் விற்கிறது. வில்சன் காம்பாட் தன் போக்கில் ஒரு பாலிமர் பிடியை வார்த்துத் தருகிறது. இக்காரஸ் பிரிசிஷன் அலுமினியத்தைக் குடைந்து பிடி செய்கிறது. விசைப் பொறிகள் அடங்கிய எஃகுக் கூட்டைப் பழைய பிடியிலிருந்து உருவிப் புதிய பிடிக்குள் பொருத்தினால் வேலை முடிந்தது. மண்வெட்டிக்குக் காம்பு மாற்றுவதுபோல இது எளிதாகிவிட்டது. எந்தப் பிடி நல்லது என்று சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமில்லை. நான் தேடிப்போனது அதற்கு முந்தைய கேள்வியை: கைத்துப்பாக்கியின் பிடி தனியே கழற்றி விற்கும் பொருளாக ஆனது எப்படி? ஆவணங்களையும் பழைய துப்பாக்கிகளின் அமைப்பையும் அடுக்கிப் பார்த்தபின் எனக்குத் துலங்கியது இது: மாற்றுப்பிடிக்கான தேவையைத் தந்தது மனிதக் கை, அதற்கான சுதந்திரத்தைத் தந்தது சட்டம். இரண்டும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு காரணத்தால் பிறந்தவை. இதை மறந்து பிடி வாங்குபவர் சந்தை காட்டுவதை வாங்குவார். கை கேட்பதை வாங்கமாட்டார்.

தேவையிலிருந்து தொடங்கலாம். ஜான் பிரவுனிங் வடிவமைத்த .45 பிஸ்டலை அமெரிக்க ராணுவம் 1911இல் ஏற்றுக்கொண்டது. முதல் உலகப்போரில் ஆயிரக்கணக்கான கைகள் அதைப் பிடித்துச் சுட்டன. போர் முடிந்தபின் 1920களில் ராணுவம் அதில் செய்த மாற்றங்களைக் கவனித்தால், ஏறக்குறைய எல்லாமே கையைச் சுற்றியவை என்பது தெரியும். விசையைக் குட்டையாக்கினார்கள். விரல் எளிதில் எட்டுவதற்காக விசைக்குப் பின்னால் சட்டகத்தின் இரு பக்கமும் சிறிது குடைந்துவிட்டார்கள். பிடியின் பின்புறத்தை வளைவாக்கினார்கள். சுத்தியல் கையின் சதையைக் கடிக்காதபடி மேலே இருந்த நாக்கை நீட்டினார்கள். 1926இல் எம்1911ஏ1 என்று பெயர்பெற்ற அந்தத் துப்பாக்கி, முந்தையதன் தோட்டாவையே சுட்டது. அதன் அடிப்படைப் பொறியும் மாறவில்லை. போர்க்களத்தில் தேர்ந்த ஒரு கருவியில் மாற்றவேண்டியதாக ராணுவம் கண்டது, மனிதன் அதைத் தொடும் இடத்தைத்தான். கைகள் ஒரே அளவில் இருப்பதில்லை என்பதற்கு அந்த ராணுவத்தின் கணக்கே சான்று. அதன் 1988ஆம் ஆண்டு உடலளவு ஆய்வின்படி ஆண்களின் சராசரிக் கை நீளம் 19 செ.மீ.க்குச் சற்று அதிகம், பெண்களுடையது சுமார் 18 செ.மீ. இவை சராசரிகள்தான். மிகச் சிறிய கைக்கும் மிகப் பெரிய கைக்கும் உள்ள தூரம் இதைவிடப் பல மடங்கு.

ராணுவம் சட்டகத்தையே குடைந்த அதே தலைமுறையில், குடிமக்கள் தங்கள் ரிவால்வர்களுக்கு வேறு வழி கண்டார்கள். ரிவால்வரில் தோட்டாக்கள் சுழலும் உருளையில் இருக்கின்றன. பிடிக்குள் இருப்பது ஒரு மெல்லிய எஃகுத் தண்டும் ஒரு சுருள்வில்லோ பட்டைவில்லோ மட்டுமே. அதைச் சுற்றி மரத்தை எந்த வடிவிலும் செதுக்கிக்கொள்ளலாம். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் பணியாற்றிய வால்டர் ரோப்பர் கைக்கேற்ற மரப்பிடிகளுக்காகப் பெயர்பெற்றார். விசைக்காப்பு வளையத்துக்குப் பின்னால் உள்ள இடைவெளியை அடைக்க டைலர் என்பவரின் உலோகத் துண்டு வந்தது. பிறகு பாக்மையரின் ரப்பர் பிடிகள். பிடியை மாற்றும் தொழில் இன்றைய பாலிமர் பிஸ்டல்களுக்கு முன்பே இருந்தது. ஆனால் தானியங்கி பிஸ்டலுக்கு இந்த வசதி முழுமையாகக் கிடைக்கவில்லை. அதில் தோட்டாக்களை அடுக்கிய மேகசின் பிடிக்குள்ளேயே இருக்கிறது. பிடியின் குறைந்தபட்சச் சுற்றளவை மேகசின் தீர்மானிக்கிறது. 13 தோட்டா கொண்ட பிரவுனிங் ஹை பவர் 1935இல் வந்தது முதல், இரட்டை வரிசை மேகசின்கள் பிடியைத் தடிக்கவைத்தன. பக்கப் பலகைகளை மெல்லியதாக்கலாம். அதற்குமேல் குறைக்க வழியில்லை.

அடுத்து வந்த பாலிமர் அந்தக் கொஞ்ச வசதியையும் பறித்தது. ஹெக்லர் அண்ட் கோக்கின் விபி70, 1970இல் பாலிமர் சட்டகத்தோடு வந்தது. 1982இல் ஆஸ்திரிய ராணுவம் காஸ்டன் கிளாக்கின் பிஸ்டலைத் தேர்ந்ததும் உலகமே அந்தப் பக்கம் திரும்பியது. எடை குறைந்தது, துரு இல்லை, செலவும் குறைவு. ஆனால் பிடியும் சட்டகமும் ஒரே வார்ப்பாகிவிட்டதால் திருகைக் கழற்றிப் பலகையை மாற்றும் பேச்சே எழவில்லை. கிளாக்கின் முன்பகுதிக்கு அடியில், பாலிமருக்குள் பதித்த ஒரு சிறு உலோகத் தகட்டில் வரிசை எண் பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தகடு இருக்கும் பாலிமர்தான் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கி. பிடி கைக்குப் பெரிதாக இருந்தால் பாலிமரைச் சூடாக்கியும் அராவியும் குறைக்கவேண்டும், அல்லது வேறு துப்பாக்கி வாங்கவேண்டும். 1990களின் பிற்பாதியில் வால்தர் பி99 மாற்றக்கூடிய பின்தகடுகளோடு வந்தது. 2005இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் எம் அண்ட் பியும், 2010இல் கிளாக்கின் நான்காம் தலைமுறையும் அந்த வழியில் வந்தன. கையின் தேவை மீண்டும் தலைதூக்கிவிட்டது என்பதற்கு இவை அடையாளம். ஆனாலும் பின்தகடு மாற்றுவது பின்புறத்தை மட்டுமே. பிடியின் நீளமும், விசைக்காப்பின் வடிவமும், விரல்கள் சுற்றும் முன்பக்கமும் அப்படியேதான் இருந்தன.

இந்த இடத்தில் தேடல் பட்டறையை விட்டுச் சட்டப்புத்தகத்துக்குப் போகவேண்டியதாயிற்று. அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் முழுத் துப்பாக்கியையும், அதன் சட்டகத்தையும் ஒரே தட்டில் வைக்கிறது. வரிசை எண் அந்தச் சட்டகத்தில் இருக்கவேண்டும். உரிமம் பெற்ற வணிகர் அதை விற்கும்போது படிவம் நிரப்பி, வாங்குபவரின் பின்னணியைச் சரிபார்க்கவேண்டும். குழல், அதன்மேல் முன்பின் நகரும் ஸ்லைடு, மேகசின், பிடி எல்லாம் கூட்டாட்சிச் சட்டத்தின் பார்வையில் வெறும் உதிரிகள். இது இயற்கையாக அமைந்த பிரிவு அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2017ஆம் ஆண்டு உத்தரவு குழலையும் ஸ்லைடையும்கூடக் கட்டுப்பாட்டுக்குள்ளான முக்கிய பாகங்களாகவே எண்ணுகிறது. வெடியின் அழுத்தத்தைத் தாங்கும் பாகங்களை அங்கே கணக்கில் எடுத்தார்கள். பொறிகளைத் தாங்கும் ஒரே பாகத்தை அமெரிக்காவில் எடுத்தார்கள். ஒரே பாகத்தில் எண் இருந்தால் போதும் என்ற விதி ஒரு கதவைத் திறந்துவைத்தது: அந்த எண்ணைப் பிடியிலிருந்து வேறொரு பாகத்துக்கு நகர்த்திவிட்டால் பிடி சட்டத்தின் பார்வையிலிருந்து விடுபடும்.

பொறிகளை ஒரே கட்டாகக் கழற்றும் தொழில்நுட்பம் அதற்குக் காத்திருக்கவில்லை. 1930களின் தொடக்கத்தில் ஃபியோதர் தோக்கரேவ் வடிவமைத்த சோவியத் பிஸ்டலில் சுத்தியலும் அதன் வில்லும் ஒரே கட்டாக மேலே எழும்பி வந்தன. பிரான்சின் 1935ஏ பிஸ்டலில் சார்ல் பெட்டேவும் அப்படியே செய்தார். அந்த மரபில் வந்ததுதான் சுவிஸ் ராணுவம் 1949இல் ஏற்ற சிக் பி210. ஆனால் அவற்றில் சட்டகம் சட்டகமாகவே இருந்தது. கழன்று வந்த கட்டு ஓர் உதிரி மட்டுமே. சிக் சாவர் 2007இல் கொண்டுவந்த பி250 இந்த உறவைத் தலைகீழாக்கியது. பொறிகள் அடங்கிய எஃகுக் கூட்டில் எண் ஏறியது, அதுவே துப்பாக்கி. பிடி வெளிக்கூடானது. 2014இல் பி320, 2018இல் பி365 என்று அந்த வழி தொடர்ந்தது. அமெரிக்க மது, புகையிலை, துப்பாக்கி, வெடிபொருள் துறை 2022இல் வெளியிட்ட விதி, சுடும் பொறியைத் தடுத்துநிறுத்தும் பாகத்தைத் தாங்குவதே கைத்துப்பாக்கியின் சட்டகம் என்று வரையறுத்து, பி250, பி320 ஆகியவற்றில் உள்ளே இருக்கும் கூடே சட்டகம் என்று பெயர் சொல்லியே குறிப்பிட்டது. தொழில்நுட்பம் ஏற்கெனவே எழுபது ஆண்டுக்குமேல் இருந்தும் பிஸ்டலின் முழுப்பிடியை மாற்றும் சந்தை பிறக்காமல், எண் இடம் மாறியதும் பிறந்தது என்பதே என் வாதத்தின் முதுகெலும்பு.

இதற்கு முதல் மறுப்பு ராணுவத்தின் பக்கமிருந்து வரும். 1985 முதல் அமெரிக்க ராணுவம் பயன்படுத்திய பெரெட்டா எம்9 தடித்த பிடியும் நீண்ட முதல் விசை இழுப்பும் கொண்டது. சிறிய கைகள் அதனோடு மல்லுக்கட்டின. ஆகவேதான் ராணுவம் பல கைகளுக்குப் பொருந்தும் பிஸ்டல் கேட்டு 2015இல் போட்டி அறிவித்து, 2017 ஜனவரியில் பி320ஐ எம்17, எம்18 என்று தேர்ந்தது. சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்று அளவுப் பிடிகளும் அதில் அடக்கம். மாற்றுப்பிடிக்குத் தந்தை ராணுவமே அல்லவா என்று கேட்கலாம். ஆண்டுகள் இதற்கு இடம் தரவில்லை. பி250 அந்தப் போட்டிக்கு எட்டு ஆண்டு முந்தையது. பி320 ஓராண்டு முந்தையது. ராணுவம் ஏற்கெனவே இருந்த ஒன்றைத் தேர்ந்து, அதற்கு மதிப்பையும் பெரும் சந்தையையும் கொடுத்தது. மேலும், சொந்தத் துப்பாக்கியின் எண் எங்கே பொறிக்கப்பட்டாலும் ராணுவத்துக்கு வேறுபாடு இல்லை; கிடங்கிலிருந்து வேறு சட்டகம் எடுத்துக் கொடுக்க அதனால் முடியும். பிடிக்குத் தனி எண் இல்லாததால் உண்மையில் பயன்பெறுபவர் தனிக் குடிமகன்தான்.

இரண்டாவது மறுப்பு பயிற்சியாளர்களுடையது: நல்ல பயிற்சி எந்தப் பிடியையும் சரிக்கட்டும். பயிற்சியின் வலிமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அது விரலை நீட்டாது. விசை எட்டாதபோது ஒருவர் துப்பாக்கியை உள்ளங்கையில் திருப்பிப் பிடிக்கிறார். அப்போது பின்னுதைப்பு மணிக்கட்டின் நேர்க்கோட்டில் விழாமல் பெருவிரலின் மூட்டில் விழுகிறது. விரல்நுனி மட்டும் எட்டினால் விசையை நேராக இழுக்காமல் பக்கவாட்டில் தள்ளுகிறது. சிறிய துப்பாக்கியில் இந்தக் குறைகள் பெரிதாகத் தெரியும். தோட்டா தரும் உந்தம் ஒன்றாக இருக்கும்போது பின்னுதைப்பின் ஆற்றல் துப்பாக்கியின் எடைக்குத் தலைகீழாக மாறுகிறது. சுமார் 500 கிராம் எடையுள்ள பி365, 800 கிராமுக்கு மேற்பட்ட எம்17ஐவிட ஒன்றரை மடங்குக்கு அதிகமாக உதைக்கிறது. அதைத் தாங்கும் பிடியோ குட்டையானது, சுண்டுவிரலுக்குச் சிலசமயம் இடமே இல்லாதது. 1920களின் ராணுவத்துக்குப் பயிற்சி மைதானங்கள் குறைவில்லை. அப்படியும் அது விசையைக் குட்டையாக்கியது. பயிற்சி வேண்டும், அதற்கு முன் பொருத்தமும் வேண்டும் என்பதற்கு அதைவிடச் சான்று தேவையில்லை.

மூன்றாவது மறுப்பு பொதுநலம் சார்ந்தது; அதை நான் மிகவும் மதிக்கிறேன். கைத்துப்பாக்கி உயிர் பறிக்கும் கருவி. அதன் பாகங்கள் கண்காணிப்பில்லாமல் விற்கப்படலாமா? இங்கே எண்ணின் இடம்தான் மறுமொழி. சுடும் பொறி எதில் இருக்கிறதோ அதில்தான் எண்ணும் இருக்கிறது. அதை உரிமம் பெற்ற வணிகரிடம் வாங்கப் படிவமும் சரிபார்ப்பும் கட்டாயம். பிடி மாறினாலும் எண் மாறாது. எண் இல்லாத பிடியால் தனியே ஒரு தோட்டாவைக்கூடச் சுடமுடியாது. பொறுப்பு ஒட்டிக்கொள்ளவேண்டிய இடத்தில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் இந்தச் சுதந்திரம் வேறொரு பொறுப்பைத் தயாரிப்பாளரிடமிருந்து உரிமையாளர் தோளுக்கு மாற்றியிருக்கிறது. பிடி மாறினால் விசைக்காப்பின் தடிமன் மாறலாம். பழைய உறை பொருந்தாமல் போகலாம், அல்லது உறையின் ஓரம் விசையில் படலாம். மேகசின் பூட்டும் ஸ்லைடு நிறுத்தியும் தாராளமாக இயங்குகின்றனவா என்பதைத் தோட்டா இல்லாமல் பார்த்து, பிறகு சுடுதளத்தில் நம்பும் அளவுக்குச் சுட்டுப் பார்க்காமல் அந்தத் துப்பாக்கியை உடலில் அணிவது தவறு.

இந்த வரலாற்றை ஏற்றால் பிடி தேர்வுக்கு ஒரு வரிசை தானாகக் கிடைக்கிறது. அது விளம்பரங்கள் சொல்லும் வரிசை அல்ல. முதலில் விசை எட்டும் தூரம்: குழல் முன்கையின் நேர்க்கோட்டில் இருக்கும்படி பிடித்தபோது ஆட்காட்டி விரல் விசையில் இயல்பாக அமரவேண்டும். பி365இன் மேகசின் மெல்லியது என்பதால் இங்கே மாற்றுப்பிடிகள் பெரும்பாலும் சதையைக் கூட்டித்தான் தருகின்றன. சிறிய கை உடையவருக்குத் தொழிற்சாலைப் பிடியே சிறந்ததாக இருக்கலாம். இரண்டாவது உயரம்: விசைக்காப்புக்கு அடியில் உள்ள குடைவும் பின்புற நாக்கும் கையைக் குழலுக்கு எவ்வளவு அருகில் ஏற்றுகின்றன என்பது. மூன்றாவது நீளம்: மறைத்து அணிபவரைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் ஆடைக்குள் கீழ்நோக்கிப் போகும் குழல் அல்ல, துருத்தும் பிடி. 10 தோட்டா, 12 தோட்டா, 17 தோட்டா என்று மேகசின் வளரும்போது பிடியும் வளர்கிறது. சுண்டுவிரலுக்கு இடம் கிடைக்கும் இடத்தில் நின்றுவிடுவது நல்லது. எடையும் உலோகமும் கடைசி. அலுமினியம் பாலிமரைவிட ஏறக்குறைய இருமடங்கு அடர்த்தி கொண்டது. அது உதைப்பைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் பொருந்தாத வடிவத்தை உலோகத்தில் செய்தால் கனமான பொருந்தாமைதான் கிடைக்கும். சந்தை கடைசிக் காரணத்தை முதலில் காட்டுகிறது, ஏனென்றால் அதைத்தான் படம் எடுக்கமுடியும். விரல் எட்டுகிறதா என்பதை வாங்குபவர் மட்டுமே அறிவார். சட்டம் பிடியை அவர் விருப்பத்துக்கு விட்டுவிட்டது; அந்த விருப்பத்தை அவர் தன் கையை அளந்து பயன்படுத்தவேண்டும்.