ஆசானின் முகம் எங்கே இருக்கிறது?

எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலைச் செம்மேட்டுக்கு வந்தால் சங்ககால மன்னன் வல்வில் ஓரியின் சிலையைப் பார்க்கலாம். ஓரி எப்படி இருந்தான் என்று சொல்ல எந்தச் சான்றும் நம்மிடம் இல்லை. புறநானூற்றில் வன்பரணர் பாடியது அவன் மூக்கையும் விழியையும் அல்ல. யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்துச் சென்ற ஒற்றை அம்பை. அதனால் சிற்பி எந்த முகத்தைச் செதுக்கினாலும், கையில் வில் இருக்கும்வரை அது ஓரிதான். உளி பிடிக்கக் கற்றுத்தந்த ஆசானை ஒரு சிற்பி கல்லில் பொறிக்க நினைத்தால் எதைப் பொறிக்க வேண்டும் என்ற கேள்விக்குப் பாதி விடை இங்கேயே இருக்கிறது. முகத்துக்கு முன்னால் தொழில் வர வேண்டும்.

மீதி விடையை நடுகற்கள் தருகின்றன. செங்கம் வட்டாரக் கற்களில் வில்லும் வாளும் ஏந்திய வீரர்கள் பெரும்பாலும் ஒருவரைப்போலவே ஒருவர் இருப்பார்கள். ஆளைப் பிரித்துக் காட்டுவது பக்கத்தில் உள்ள எழுத்துதான். பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து எடுத்தனூர்க் கல்லில் கருந்தேவகத்தியின் பெயரோடு அவன் நாய் கோவிவனின் பெயரும் உண்டு. மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரிப் பாறையிலோ உருவமே இல்லை. கேவாத பெருந்தச்சன், குணமல்லன் முதலிய, சிற்பிகளுடையவை என்று கருதப்படும் பெயர்கள் மட்டும். அவற்றுள் ஒன்று கொல்லன் சேமகன். சிற்பிகளோடு கொல்லனுக்கு என்ன வேலை? கருங்கல்லில் உளிமுனை சீக்கிரம் மழுங்கும். அதைச் சிவக்கக் காய்ச்சி, தட்டிக் கூராக்கி, தண்ணீரில் தோய்க்க வேண்டும். பதம் மிஞ்சினால் முனை சில்லாகத் தெறிக்கும், குறைந்தால் மடங்கும். உலையில் இரும்பின் நிறம் பார்த்துப் பதம் அறியும் கண்ணை ஏட்டில் எழுதித் தர முடியாது. ஆசான் பக்கத்தில் நின்றுதான் தர முடியும். பூஞ்சேரியில் பெயர் பொறித்தவர்கள் இதை உணர்ந்தே கொல்லனையும் சேர்த்தார்கள் என்று நான் நம்புகிறேன்.

புகைப்படம் இருக்கும்போது முகத்தை ஏன் விட வேண்டும், எழுத்தறியாதவருக்குப் பெயர் என்ன சொல்லும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. முகம் வேண்டாம் என்பது என் வாதமல்ல. புகைப்படத்தைக் கொடுத்தால் லேசர் இயந்திரமே பளபளக்கும் கருங்கல்லில் முகத்தை அச்சாக இறக்கிவிடும். அந்தக் கோடுகளில் மாணவன் கற்றது எதுவும் இருக்காது. அதையே அவன் தன் கையால் பொளிந்தால், ஒவ்வொரு கொத்தின் ஆழத்திலும் ஆசான் திருத்திய பிழைகள் இருக்கும். மூக்கு சற்றுப் பிசகினாலும் வரி தெளிவாக ஓடினால், அதுவே ஆசானுக்கு உண்மையான மரியாதை. எழுத்தறியாதவருக்கு, ஓரிக்கு வில்போல, ஆசான் கையில் ஓர் உளி போதும். கீழே ஆசான் பெயரும், அந்த உளியைத் தோய்த்த கொல்லன் பெயரும் இருக்கட்டும். அப்போதுதான் அந்தக் கல் ஒரு தொழிலின் வம்சாவளியாகும்.