கொல்லைப் பட்டறையில் ஒரு சிற்றெந்திரம்

இலக்கியம் பேசும் இடத்தில் இரும்பைப் பற்றி எழுத வந்தமைக்குப் பொறுத்தருள வேண்டுகிறோம். மன்னார்குடியில் எங்கள் வீட்டுக் கொல்லையில், கிணற்றடியை ஒட்டிய ஓட்டுச் சாய்ப்பின் கீழ் ஒரு லேத் நிற்கிறது. ஆறடி நீளம், ராஜ்கோட்டில் வார்த்தது. அதில் கடைந்து செய்த உள்ளங்கை அளவு எந்திரம் ஒன்று இப்போது எங்கள் மேசைமேல் இருக்கிறது. அது ஓடிய கதையைவிட ஓடாதிருந்த நாட்களின் கதையே சொல்லத்தக்கது.

'நாங்கள்' என்பது இங்கே ஆசிரியப் பன்மை அன்று, உண்மையாகவே இருவர். மூத்தவன் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவன். இளையவன் டிப்ளமோ படித்துத் திருச்சியில் வேலை பார்ப்பவன். சனிக்கிழமை இரவுதோறும் ஊர் வந்து சேர்வான். லேத் அப்பாவுடையது. அதைக் கொண்டுதான் எங்கள் இருவரையும் படிக்க வைத்தார்.

அப்பா ஆயில் என்ஜின் பழுது பார்ப்பவர். மேட்டூர் அணை திறப்பு தள்ளிப்போன ஆண்டுகளில் வீட்டு வாசலில் மாட்டு வண்டியும் டிராக்டரும் வரிசையில் நிற்கும். வருபவை பெரும்பாலும் லிஸ்டர் வகை எந்திரங்கள்: ஒற்றைச் சிலிண்டர், ஆறு குதிரைத்திறன், நிமிடத்துக்கு 650 சுற்று, நாலரை அங்குல உள்விட்டம். வயலில் ஓடும் ஓசையை வரப்பில் நின்று கேட்டே எந்தப் பாகம் தேய்ந்தது என்பார். பம்புசெட்டுக்கு மின்சாரம் வந்தது; வேலை குறைந்தது. பின்னர் அவர் வலக்கையில் நடுக்கம் கண்டது. ஒருநாள் லேத்தின்மேல் சாக்கைப் போர்த்திவிட்டுத் திண்ணைக்கு வந்து உட்கார்ந்தவர் மறுபடி சாய்ப்புக்குள் போகவில்லை. "வித்துடுங்க தம்பி, எடைக்குப் போனாலும் சரி" என்று அவரே சொன்னார். அந்த இடத்தில் பிள்ளைகள் படிக்க ஓர் அறை கட்டுவது என்று முடிவாயிற்று.

விற்பதற்கு முன் அந்த லேத்தில் நாங்களே ஒன்றைச் செய்து பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. அப்பாவிடம் கேட்டோம். "ரயில் என்ஜின் செய்ங்களேன்" என்றார், விளையாட்டாக. சிறுவயதில் நீடாமங்கலத்துக்கு நீராவி ரயிலில் போனவர் அவர். அந்தப் பாதை 1976இல் மூடப்பட்டு, 2011இல்தான் அகலப் பாதையாகத் திரும்பி வந்தது. இடையில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு ஊரில் ரயிலே கிடையாது. ஆனால் நீராவி என்றால் கொதிகலன் வேண்டும். கற்றுக்குட்டிகள் அழுத்தத்தோடு விளையாடக் கூடாது என்று இளையவன் மறுத்தான். ஆகவே சூடான காற்றில் ஓடும் ஸ்டிர்லிங் எந்திரத்தைத் தேர்ந்தோம். ஸ்காட்லாந்துப் பாதிரியார் ராபர்ட் ஸ்டிர்லிங் 1816இல் காப்புரிமை பெற்றது. மூடிய குழாயின் ஒரு முனையைச் சுட வைத்து, மறுமுனையைக் குளிர்ச்சியாக வைத்திருப்பார்கள். உள்ளே தளர்வாக அசையும் ஓர் உருளை, காற்றைச் சூட்டுக்கும் குளிருக்கும் மாற்றி மாற்றித் தள்ளும். விரிந்து சுருங்கும் அந்தக் காற்று, பக்கத்துச் சிலிண்டரில் உள்ள பிஸ்டனை இயக்கும். வால்வு இல்லை, வெடிப்பும் இல்லை.

இங்கிலாந்தில் இவ்வகைக் குட்டி எந்திரங்களைக் கொல்லைப்புறக் கொட்டகையில் செய்வது ஒரு பெரும் மரபு. அதற்கென்றே 'மாடல் எஞ்சினியர்' என்ற இதழ் 1898இல் தொடங்கப்பட்டது. எங்களுக்கு வாய்த்த மரபு வேறு. ஃப்ளைவீலுக்குப் பித்தளை வார்க்க நாச்சியார்கோவில் போனோம். குத்துவிளக்கு வார்ப்பவர் ஒருவர் காவிரி வண்டல் மண்ணில் அச்செடுத்து, விளக்குத் தட்டுக்கும் எங்கள் சக்கரத்துக்கும் வேறுபாடு பாராமல் வார்த்துக் கொடுத்தார். அவரும் விளக்கைக் 'கடைசல்' பிடிப்பதாகவே சொன்னார். பாடநூல் லேத்தைக் 'கடைசல் பொறி' என்கிறது. தயிர் கடையும் சொல்லே இரும்பு கடையவும் பயன்படுவதை வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறோம். சுருள் சுருளாக இரும்பு உரிந்து வந்து விழுவதைக் கண்ட பிறகு அப்படிப் போகிற போக்கில் சொல்ல வரவில்லை. இன்னொன்று: அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கைப் பட்டறையில் 'நூல்' என்பார்கள். நன்னூல் படித்தவனுக்கு இந்த நூல் நாற்பது வயதுக்கு மேல்தான் கைக்கு வந்தது.

பிஸ்டனுக்கு வார்ப்பிரும்பு, உடைந்த ஃப்ளைவீலின் ஆரக்காலிலிருந்து அறுத்தோம். முதல் நாள் லேத்தை ஓட்டியதும் டூல் கிறீச்சிட்டது. திண்ணையிலிருந்து குரல் வந்தது: "டூலு சென்டருக்கு மேல ஒசந்து நிக்கிது. எறக்கிக் கட்டு." கண்ணால் பாராமல் சொன்னார், இறக்கிக் கட்டினோம், ஓசை அடங்கியது.

பிஸ்டனின் விட்டம் 16 மில்லிமீட்டர். ரிங் கிடையாது, ஆகவே சிலிண்டருக்கும் அதற்கும் நடுவே பத்து மைக்ரான் அளவே இடைவெளி இருக்கலாம். அவசரத்தில் ஒரு தவறு செய்தோம். வால்வு தேய்க்கும் கிரைண்டிங் பேஸ்ட்டைப் பிஸ்டனில் தடவி, நேரே பித்தளைச் சிலிண்டருக்குள் விட்டுத் தேய்த்தோம். அதிலுள்ள துகள் மென்மையான பித்தளையில் பதிந்துகொள்ளும். பிறகு எத்தனை கழுவினாலும் போகாது, பிஸ்டனை அரித்துக்கொண்டே இருக்கும். பத்து நாள் வேலை பாழ். இரண்டாவது சிலிண்டரை மரக்குச்சியில் பிராஸோ தொட்டு இழைத்தோம். இம்முறை அப்பா எழுந்து வந்தார். சிலிண்டரை நிமிர்த்தி, அடிவாயைக் கட்டைவிரலால் மூடிப் பிஸ்டனை மேலே விடச் சொன்னார். அது காற்றின்மேல் மிதந்து நின்றது. விரலை எடுத்ததும் தன் எடையிலேயே வழுக்கி இறங்கியது. "டீசல் பம்ப்பு பிளஞ்சர் மாதிரிதான். இது போதும்" என்றார். கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

இதற்கிடையே ஆனி மாதக் கடைசியில் காயலான்கடைக்காரர் லேத்துக்கு முன்பணம் கொடுத்திருந்தார். ஆடியில் வீட்டைவிட்டு எதையும் அனுப்ப வேண்டாம் என்று அப்பா சொன்னதால் ஒரு மாதம் கிடைத்தது.

எந்திரம் ஓடவில்லை. ஸ்பிரிட் விளக்கைக் கொளுத்தி, முனை சூடேறியதும் சக்கரத்தைச் சுண்டிவிட்டால் நாலைந்து சுற்று சுற்றும்; நிற்கும். மறுபடியும் சுண்டுவோம், மறுபடியும் நிற்கும்.

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கருவி செய்பவராக இருந்த ஜேம்ஸ் வாட்டுக்கும் இதே நிலைதான் வந்தது. 1763இல் நியூகோமென் நீராவி எந்திரத்தின் வகுப்பறை மாதிரி ஒன்றைச் செப்பனிட அவரிடம் கொடுத்தார்கள். செப்பனிட்ட பிறகும் சில அடிகள் அடித்துவிட்டு நின்றது. பழுது ஏதும் இல்லை, அளவுதான் காரணம். ஒன்றைச் சிறிதாக்கினால் அதன் கொள்ளளவு குறையும் வேகத்தில் பரப்பளவு குறைவதில்லை. இரண்டு அங்குலச் சிலிண்டரில் உள்ள கொஞ்ச நீராவிக்கு அதைச் சுற்றியுள்ள உலோகம் மிகுதி. வெப்பம் முழுவதையும் அதுவே குடித்துவிடும். பெரிய எந்திரத்தில் மறைந்து கிடந்த நட்டத்தை அந்தக் குட்டி மாதிரி அம்பலமாக்கிற்று. அதை எண்ணியெண்ணித்தான் 1765இல் தனிக் குளிர்கலன் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. எங்கள் பிஸ்டன் லிஸ்டருடையதில் ஏழில் ஒரு பங்கு. கொள்ளளவின் ஒவ்வொரு துளிக்கும் உரசும் பரப்பும் வெப்பம் ஒழுகும் பரப்பும் ஏழு மடங்கு.

இதெல்லாம் படித்திருந்தும் பயனில்லை. "எண்ணெ விடு, வறண்டு ஓடுனா புடிச்சிக்கும்" என்றார் அப்பா. ஐம்பது ஆண்டு அனுபவம் சொல்கிறது, விட்டோம். நாலு சுற்று இரண்டாயிற்று. இன்னும் மெல்லிய எண்ணெய் விட்டோம். அதே கதை. அப்பா ஒன்றும் பேசாமல் திண்ணைக்குப் போய்விட்டார்.

ஆடிக் கடைசி ஞாயிறு. இனி எடுத்து வைத்துவிடலாம் என்று இளையவன் எல்லாவற்றையும் பிரித்துப் பெட்ரோலில் கழுவிக் காய வைத்தான். பூட்டி வைப்பதற்குமுன் ஒருமுறை என்று விளக்கைக் கொளுத்திச் சுண்டினான். நிற்கவில்லை. ஆரக்கால்கள் கலந்து ஒரே வட்டமாயின. அப்பாவைக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. ஓசை கேட்டே வந்துவிட்டார்.

"எண்ணெ போட்டியா?"

"இல்லப்பா. துடைச்சிட்டேன்."

"அஞ்சு நிமிஷத்துல புடிச்சிக்கும். நிறுத்து."

நிறுத்தவில்லை. அவர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஸ்பிரிட் தீரும்வரை இருபது நிமிடம் ஓடியது. ஆறு குதிரைத்திறன் கொண்டதற்கு எண்ணெயின் பிசுபிசுப்பு ஒரு பொருட்டே இல்லை; ஒரு வாட் சக்தியும் இல்லாத இதற்கு அதுவே பிரேக். வார்ப்பிரும்புக்குள் இருக்கும் கிராஃபைட்டே இதற்குப் போதுமான வழுவழுப்பு. இளையவன் விளக்கினான். அப்பா அணைந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நம்ம கணக்கு இதுக்கு ஒத்துவரல" என்றார். அவர் முகம் எங்களுக்குப் பிடிபடவில்லை. தோற்றவர் முகமாகத் தெரியவில்லை என்பதை மட்டும் சொல்லலாம்.

ஆவணி முதல் வாரம் காயலான்கடைக்காரர் வண்டியோடு வந்தார். முன்பணத்தையும் வண்டி வாடகையையும் அப்பாவே எண்ணிக் கொடுத்தார். எங்களைக் கேட்கவில்லை. வீட்டில் பெண்களுக்கு இன்னும் வருத்தம்தான். பிள்ளைகள் கூடத்திலேயே படிக்கிறார்கள், மழைக்காலத்தில் இடம் போதவில்லை. அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

இப்போது செம்புக் குழாய் தேடுகிறோம். கொதிகலன் செய்தால், ஓட்டும் அழுத்தத்தைப்போல் இரு மடங்குக்குத் தண்ணீர் நிரப்பிச் சோதிக்காமல் நெருப்பைக் கிட்டே கொண்டுவரக் கூடாது என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதற்கான கைப்பம்பை அவரே வரைந்திருக்கிறார். கோடுகள் நடுங்கித்தான் இருக்கின்றன. அளவுகளை மட்டும் எங்களைக் கொண்டு எழுத வைத்தார், நூல் கணக்கில்.