தேறாத கார்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள். ஒரு காரின் கதைதான். ஆனால் வாத்தியார்கள் படிக்கவேண்டிய கதை என்று எனக்குப் படுகிறது.

அமெரிக்காவில் ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் வாயில் வரும் பெயர்களில் ஒன்று செவர்லே கார்வெட். 1953இல் வந்தது, இன்றும் வந்துகொண்டிருக்கிறது. இன்றைக்கு அதைச் சாலையில் பார்ப்பவர்கள், பிறக்கும்போதே ராஜாவாகப் பிறந்தது என்றுதான் நினைப்பார்கள். உண்மையில் முதல் மூன்று வருஷம் அது தேறாத பிள்ளை.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு, ஐரோப்பாவின் சின்னச் சின்ன ஸ்போர்ட்ஸ் கார்கள் மீது அமெரிக்க இளைஞர்களுக்கு ஒரு மோகம் வந்தது. நாமும் ஒன்று செய்வோமே என்று கிளம்பியவர் ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் தலைவர் ஹார்லி ஏர்ல். 1953 ஜனவரியில் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் நடந்த கண்காட்சியில் அந்தக் கார் நின்றது. தகரத்துக்குப் பதில் கண்ணாடியிழை உடல். வேகமான சிறு போர்க்கப்பல் ஒன்றின் வகைப்பெயரையே அதற்கு வைத்தார்கள். கூட்டம் மொய்த்தது.

அந்த வருஷமே மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரில் 300 கார்களைக் கையாலேயே கட்டினார்கள். எல்லாம் வெள்ளை நிறம், உள்ளே சிவப்பு. அப்புறம்தான் குட்டு வெளிப்பட்டது. பந்தயக் கார் போலத் தோற்றம். உள்ளே இருந்ததோ 150 குதிரைத்திறன் ஆறு சிலிண்டர் இன்ஜின், இரண்டே வேகம் உள்ள ஆட்டோமேட்டிக் கியர். ஜன்னலில் ஏற்றி இறக்கும் கண்ணாடி கிடையாது, திரையைத்தான் எடுத்து மாட்டவேண்டும். கதவுக்கு வெளியே கைப்பிடி கிடையாது, கையை உள்ளே விட்டுத்தான் திறக்கவேண்டும். விலையோ 3,498 டாலர். அந்தப் பணத்துக்குக் கிட்டத்தட்ட இரண்டு சாதாரண செவர்லே வாங்கிவிடலாம்.

அடுத்த வருஷம் செயின்ட் லூயிஸ் நகரத்துக்குத் தொழிற்சாலையை மாற்றினார்கள். வருஷத்துக்கு 10,000 கார் என்பது திட்டம். 1954இல் கட்டியது 3,640. அதிலும் ஆயிரத்துக்கு மேல் விற்காமல் நின்றன. 1955இல் கட்டியது வெறும் 700. நிர்வாகத்தில், போதும், நிறுத்திவிடலாம் என்ற பேச்சு வந்துவிட்டது.

இந்த இடத்தில் ஒரு மனிதர் வருகிறார். ஜோரா ஆர்கஸ்-டன்டோவ். ரஷ்ய யூதக் குடும்பம். 1909இல் பிரஸ்ஸல்ஸில் பிறந்து, ரஷ்யாவில் வளர்ந்து, பெர்லினில் இன்ஜினியரிங் படித்தவர். 1940இல் நாஜிகள் பிரான்ஸுக்குள் புகுந்தபோது அங்கிருந்து தப்பி அமெரிக்கா சேர்ந்தவர். அந்த நியூயார்க் கண்காட்சியில் காரைப் பார்த்தவர்களில் அவரும் ஒருவர். பார்த்துவிட்டுச் சும்மா போகவில்லை. செவர்லேயின் தலைமை இன்ஜினியர் எட் கோலுக்குக் கடிதம் எழுதினார். கடிதம் வேலையாகவே மாறியது. 1953 மே மாதம் ஜெனரல் மோட்டார்ஸில் சேர்ந்தார்.

காரை நிறுத்தலாமா என்ற பேச்சு நடந்த 1954 அக்டோபரில் டன்டோவ் மேலிடத்துக்கு ஒரு குறிப்பு எழுதினார். அதன் சாரம் இதுதான்: இப்போது கைவிட்டால், நம்மால் முடியவில்லை என்று நாமே ஒப்புக்கொள்வதாகும். ஃபோர்டு தண்டர்பேர்டைக் கொண்டுவரும் நேரத்தில் அது செவர்லேயின் பெயருக்கே இழுக்கு. குறை எங்கே என்று பார்த்துச் சரிசெய்வோம்.

இதைப் படித்தபோது எனக்கு என் பணிக்காலம் நினைவுக்கு வந்தது. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், ஒன்பதாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும் ஒரு பட்டியல் தயாராகும். அடுத்த வருஷம் பத்தாம் வகுப்பு ரிசல்ட்டைக் கெடுத்துவிடுவார்கள் என்று கருதப்படும் பிள்ளைகளின் பட்டியல். பெற்றோரைக் கூப்பிட்டு, "டி.சி. வாங்கிக்கோங்க, வேற ஸ்கூல்ல நல்லா வருவான்" என்று நயமாகச் சொல்லி அனுப்புவார்கள். நூறு சதவீதத் தேர்ச்சி என்று வாசலில் பேனர் கட்ட அது வசதி.

ஒரு வருஷம் அந்தப் பட்டியலில் ஒரு பையன். அறிவியல் விடைத்தாளில் முப்பதைத் தாண்டமாட்டான். ஆனால் ஆய்வகத்தில் எரியாத மின்சுற்றை அவனிடம் கொடுத்தால், எந்த இணைப்பில் கோளாறு என்று இரண்டு நிமிஷத்தில் விரல் வைத்துக் காட்டுவான். ஆசிரியர் கூட்டத்தில் அவனுக்காக நான் பேசினேன். எடுபடவில்லை. மதிப்பெண் பட்டியலில் அந்த விரலுக்குக் கட்டம் இல்லையே! அவன் டி.சி. வாங்கிக்கொண்டு போனான். இன்று எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது.

கார்வெட்டுக்கு அதிர்ஷ்டம் இருந்தது. உண்மையைச் சொன்னால், அதைக் காப்பாற்றியதில் பாதி அன்பு, பாதி வீம்பு. 1955 தண்டர்பேர்ட் 16,000க்கு மேல் விற்றது. போட்டிக்காரன் எதிரில் பின்வாங்க ஜெனரல் மோட்டார்ஸுக்கு மனம் வரவில்லை. எப்படியோ பிழைத்தது. அதே வருஷம் எட் கோலின் குழு உருவாக்கிய எட்டு சிலிண்டர் இன்ஜினை அதில் வைத்தார்கள், 195 குதிரைத்திறன். 1956இல் ஜன்னல் கண்ணாடியும் கதவுக் கைப்பிடியும் வந்தன. டேடோனா கடற்கரை மணலில் டன்டோவே ஓட்டி, மணிக்கு 240 கிலோமீட்டரைத் தாண்டிக் காட்டினார். 1963இல் ஸ்டிங் ரே வடிவம் வந்தபோது ஒரே வருஷத்தில் 21,000க்கு மேல் கட்டினார்கள். 700இலிருந்து 21,000. எட்டே வருஷம்!

டன்டோவுக்கு இன்னொரு கனவும் இருந்தது. இன்ஜின் காரின் முன்னால் இருக்கக்கூடாது, ஓட்டுநருக்குப் பின்னால், நடுவில் இருக்கவேண்டும். மாட்டுவண்டியில் முன்பாரம், பின்பாரம் பார்த்து மூட்டை ஏற்றுவோமே, அதே கணக்கு. எடை நடுவுக்கு வந்தால் வளைவில் வண்டி சட்டென்று திரும்பும்; பின்சக்கரத்துக்கு நல்ல பிடிப்பும் கிடைக்கும். 1960லேயே அப்படி ஒரு சோதனைக் கார் செய்து ஓட்டினார். அப்புறமும் பல மாதிரிகள் செய்தார்கள். ஆனால் இருக்கிற காரே நன்றாக விற்கும்போது எதற்கு இவ்வளவு செலவு என்பது மேலிடத்தின் கணக்கு. 1975 தொடக்கத்தில், 65 வயதில், அந்தக் கனவு நிறைவேறாமலே ஓய்வு பெற்றார். 1996இல் காலமானார்.

2019 ஜூலையில் எட்டாம் தலைமுறை கார்வெட்டை வெளியிட்டார்கள். இன்ஜின் நடுவில் இருந்தது.

கென்டக்கி மாநிலத்தின் பௌலிங் கிரீன் நகரில் கார்வெட்டுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் உண்டு. அருகிலேயே தொழிற்சாலை. அந்த அருங்காட்சியகத்தில்தான் டன்டோவின் அஸ்தியை வைத்திருக்கிறார்கள். அவர் கேட்டு மறுக்கப்பட்ட கார், இன்று அவர் துயிலும் இடத்துக்குப் பக்கத்திலேயே உருவாகி வெளியே போகிறது. வாத்தியார் வேலையும் ஏறக்குறைய அப்படித்தானே? நாம் போட்ட விதை, நாம் இருக்கும்போதே முளைக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை.

பணியில் இருக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. இது தேர்வு முடிந்து பட்டியல் எழுதும் காலம். உங்கள் கைக்கும் அப்படி ஒரு தாள் வரலாம். வந்தால், பெயருக்கு எதிரே மதிப்பெண்ணை மட்டும் எழுதாதீர்கள். அந்தப் பிள்ளைக்கு என்ன வரும் என்பதையும் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். வாயால் சொன்னதை அந்தக் கூட்டத்தோடு மறந்துவிடுவார்கள். எழுதிய தாளைக் கிழிக்க மட்டும் கொஞ்சம் யோசிப்பார்கள்.