ஆரல் கடல்: மணலில் கப்பல், வயலில் தண்ணீர்

உஸ்பெகிஸ்தானின் நூகுஸ் நகரிலிருந்து வடக்கே சுமார் 200 கிலோமீட்டர் போனால் முய்நாக் வரும். வழியில் முதலில் பருத்தி வயல்கள், பிறகு வறண்ட புதர்கள். ஆரல் கடலின் மீன்பிடித் துறைமுகமாக இருந்த ஊர் இது. இன்று ஊர் ஓரத்து மேட்டில் நின்றால், துருப்பிடித்த கப்பல்கள் மணலில் கிடப்பதுதான் தெரிகிறது. கடல் 100 கிலோமீட்டருக்கும் அப்பால் போய்விட்டது.

பெயர்தான் கடல், உண்மையில் இது உப்பு ஏரி. 1960-ல் பரப்பு சுமார் 68,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் பாதியைவிடப் பெரிது! ஆமூ தாரியா, சிர் தாரியா ஆறுகள்தான் வரத்து. பருத்திக்காகவும் நெல்லுக்காகவும் சோவியத் அரசு இரண்டையும் வாய்க்கால்களில் திருப்பியது.

மேட்டிலிருந்து தெரியாத கணக்கைச் செயற்கைக்கோள் சொல்கிறது. லேண்ட்சாட் வரிசை 1972 முதல் படம் பிடிக்கிறது. இப்போதைய படங்களில் ஒரு புள்ளி 30 மீட்டருக்கு 30 மீட்டர், அதாவது சுமார் 22 சென்ட். அகச்சிவப்பு ஒளியைத் தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும். அதனால் ஏரி கறுப்பாக விழும். பயிர் அதே ஒளியைத் திருப்பி அனுப்பும். உப்புத் தரை வெள்ளையாகப் பளிச்சிடும். ஆண்டுவாரியாகப் பார்த்தால் கறுப்பு சுருங்கி வெள்ளை பரவுகிறது. 2014-ல் தெற்கு ஏரியின் கிழக்குப் பகுதி முழுக்கவே வறண்டிருந்தது.

பலரும் அந்த வெள்ளையோடு நின்றுவிடுகிறார்கள். விவசாயி பார்க்க வேண்டியது படத்தின் தெற்குப் பக்கம். ஆற்றோரம் விசிறிபோல விரிந்த வயல்கள். காணாமல்போன தண்ணீர் அங்கேதான் இருக்கிறது. ஆனால், எல்லாமே பயிருக்குப் போகவில்லை. காரகும் கால்வாய் மட்டுமே 1,300 கிலோமீட்டருக்கும் மேல். பெரும்பகுதி மண் வாய்க்கால், கசிவு ஏராளம். வடிகால் சரியில்லாத இடங்களில் நிலத்தடி நீர் மேலேறி உப்பை வயலில் விட்டது. அதைக் கழுவ, விதைப்புக்கு முன்பே வயலில் தண்ணீர் தேக்கி வடிக்கிறார்கள். பயிரே இல்லாத நிலத்துக்கு ஒரு பாசனம்! போதாததற்கு, காய்ந்த ஏரித்தரையின் உப்புப் புழுதி காற்றில் கிளம்பி வயல்களில் வந்து விழுகிறது. அந்தப் புழுதியும் படத்தில் புகைபோலத் தெரியும்.

வடக்கே கஜகஸ்தான் 2005-ல் சுமார் 13 கிலோமீட்டர் நீளத்தில் கோக்கரல் அணையைக் கட்டி முடித்தது. சிர் தாரியா தண்ணீர் வடக்கு ஏரியிலேயே தங்கியது; உப்பு குறைந்து மீனும் திரும்பியது. தெற்கே வழியும் நீர் அந்த அளவுக்குக் குறைந்தது.

கூகுள் எர்த் டைம்லாப்ஸில் 1984 முதலான படங்களை யாரும் இலவசமாக ஓட்டிப் பார்க்கலாம். ஏரியைப் பார்ப்பதற்கு முன் ஆமூ தாரியாவின் இரு கரைகளையும் ஒருமுறை பாருங்கள்.