வால் இல்லாத ஜிப்

ஃபைல் பெயரில் புள்ளிக்குப் பிறகு வரும் மூன்றெழுத்து, கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் போடும் பட்டம் மாதிரி. யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். நிஜ அடையாளம் உள்ளே முதல் சில பைட்டுகளில் இருக்கிறது. ஜிப் ‘பிகே’ என்று ஆரம்பிக்கும். 1989ல் பிகேஜிப்பை வெளியிட்ட ஃபில் காட்ஸின் இனிஷியல். ரார் என்றால் ‘ரார்’ என்றே எழுதி ஒரு ஆச்சரியக்குறி. வேர்டின் டாக்எக்ஸ் ஃபைலைத் தோண்டினாலும் பிகேதான், அதுவும் ஒரு ஜிப் மூட்டை.

சித்தப்பா கடலூர் முதுநகரில் டிடிபி கடை வைத்திருந்தார். அவர் போனபிறகு, அவருடைய சிடியில் இருந்த இரண்டு ஜிப்பைத் தம்பி அனுப்பினான். “அண்ணே, ரெண்டுமே திறக்கல. தாத்தாவைப் பத்தி அப்பா எழுதுனது இதுலதான் இருக்கணும்.”

லினக்ஸில் ‘ஃபைல்’ கமாண்டைக் கொடுத்தேன். முதலாவது ஜிப்பே இல்லை, ரார். அன்ராருக்குத் திறந்தது. உள்ளே முழுக்கக் காதுகுத்து, தீமிதி நோட்டீஸ். இரண்டாவது அசல் ஜிப்தான், ஆனால் வால் அறுந்தது. ஜிப்புக்குப் பொருளடக்கம் கடைசியில் இருக்கும். அது போனால் மென்பொருள் கைவிரித்துவிடும். ஆனால் உள்ளே ஒவ்வொரு ஃபைலுக்கு முன்னாலும் அதன் பெயர் தனியாகவும் எழுதியிருக்கும். அதைப் பிடித்து மேலிருந்து ஒவ்வொன்றாக உருவலாம். (செவன்-ஜிப்பில் ‘சாலிட்’ மூட்டையாகக் கட்டியிருந்தால் கதையே வேறு. ஒரு இடம் கெட்டால் பின்னால் இருப்பதும் சேர்ந்து போகும்.) சிதம்பரத்தில் பூட்டிய அறையைத் திறந்து, கறையான் தின்றது போக மிஞ்சிய தேவார ஏடுகளை எடுத்தார்கள் என்பார்களே, கிட்டத்தட்ட அந்த வேலை. கடைசி ஃபைல் பாதிதான் இருந்தது. சின்னதாக ஒரு பைத்தான் நிரல் எழுதி, இருந்தவரை விரித்தேன்.

வந்ததில் தமிழே இல்லை. ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. பாமினி! அந்த எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடித்தால் உள்ளே இப்படித்தான் சேமிப்பாகும். யூனிகோடுக்கு மாற்றினேன்.

தாத்தா முதுநகர் துறைமுகத்தில் தோணியில் மூட்டை ஏற்றியவர். அப்போது அங்கே கப்பல் கரைக்கு வராது, கடலில் தள்ளி நிற்கும், தோணிதான் போய்வரும். சித்தப்பா நாலு பக்கம் எழுதியிருந்தார். தாத்தாவுக்குக் கால் நசுங்கிய நாளில், வாக்கியத்தின் நடுவில் நின்றுபோயிருந்தது.

ராத்திரி தம்பி போன் பண்ணினான். “மீதி அம்மாவுக்குத் தெரியும்ணே. ஞாயித்துக்கிழமை வாங்க.”