கோணமும் நேரமும்

2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அது மனசில் கிடந்ததால்தான் அளவுக்குமேல் சாய்ந்தால் அலறும் ஆப் ஒன்றை எழுதி, நண்பனின் சித்தப்பா படகில் ஏறினேன்.

செல்போனுக்குள் இருப்பது முடுக்கமானி: சிலிக்கானில் செதுக்கிய, ஸ்பிரிங்கில் தொங்கும் துளி எடை. ஃபோன் சாய்ந்தால் புவியீர்ப்பு அதை இழுக்கும். அந்த இம்மி நகர்வைக் கோணமாக்குகிறோம். மேசைமேல் கச்சிதம். ஏரியில் எண்கள் தாவின. அலையின் உந்தல் எது, புவியீர்ப்பு எது என்று அதற்குப் பிரிக்கத் தெரியாது. கைரோஸ்கோப்பையும் சேர்த்தால் கொஞ்சம் அடங்கும். பக்கத்து ஸ்ரீஹரிகோட்டாவில் கிளம்பும் ராக்கெட்டுக்கும் இதே ஜோடிதான், விலைதான் வேற.

பூநாரை பார்க்க நானும் நண்பனும் எழுந்து நின்றோம். படகின் நடுவில்தான். ஆப் கம்மென்று இருந்தது. சித்தப்பா திரும்பாமலே சொன்னார்: "உக்காருங்கப்பா, படகு சோம்புது."

ராத்திரிதான் புரிந்தது. எழுந்து நின்றால் எடைமையம் மேலே ஏறும். படகு சாயாது, சாய்ந்தால் நிமிரத்தான் நேரமெடுக்கும். பதிவான தரவை வரைந்து பார்த்தேன். நாங்கள் நின்றிருந்தபோது ஒவ்வொரு ஆட்டமும் நீண்டிருந்தது. நான் கோணத்தைப் பார்த்திருக்கிறேன், அவர் நேரத்தை.

பழைய கோடை அழித்துவிட்டேன். இப்போது ஆட்டத்துக்கு ஆட்டம் எத்தனை நொடி என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன்.