பனிக்கு ஒரு சீட்டு

எல்லா வினையும் ஒரு காலி ஆப்பிள் பெட்டியால் வந்தது.

லாங் பஜாரில் பழக்கடை வைத்திருக்கும் பாய் எனக்குப் பல வருஷப் பழக்கம். பழைய புத்தகங்களைக் கட்டி வைக்க அட்டைப் பெட்டி ஒன்று கேட்டேன். தூக்கிக் கொடுத்தார். பெட்டியின் பக்கவாட்டில் 'நார்கண்டா, சிம்லா மாவட்டம்' என்று இங்கிலீஷில் அச்சடித்திருந்தது.

"இது எங்க பாய் இருக்குது?"

"சிம்லாவுக்கும் மேல சார். குளிர் காலத்துல ஒரே பனியாம். ஜனங்க கால்ல பலகையக் கட்டிக்கினு சறுக்குவாங்களாம். லாரிக்காரர் சொன்னாரு. இன்னா சார், போறீங்களா?" என்று சிரித்தார்.

பாய் விளையாட்டுக்குத்தான் கேட்டார். ஆனால் நேதாஜி மார்க்கெட் வாசலைத் தாண்டி, பூக்கடை, மளிகை மண்டி, கருவாட்டு வாசனை எல்லாவற்றையும் கடந்து வீடு வந்து சேருவதற்குள் நான் முடிவே பண்ணிவிட்டேன்.

காரணம் உண்டு. நான் ஆம்பூரில் ஒரு ஷூ ஏற்றுமதிக் கம்பெனியில் ஷிப்பிங் செக்‌ஷன் குமாஸ்தா. வெளிநாட்டுக்காரன் டிசம்பரில் போட்டுக்கொள்ளும் பூட்ஸை எங்கள் பக்கத்தில் கோடையிலேயே தைத்தாக வேண்டும். வெளியே அக்னி நட்சத்திரம். உள்ளே ரோமத் துணி வைத்துத் தைத்த பூட்ஸ் மலை மாதிரி குவிந்திருக்கும். பார்த்தாலே வேர்க்கும். பதினான்கு வருஷமாக அந்தப் பெட்டிகளுக்கு இன்வாய்ஸ் போட்டவன் நான். அந்த பூட்ஸ் எதை மிதிக்கப் போகிறதோ, அதை நான் ஒரு தடவைகூட மிதித்ததில்லை.

ராத்திரி சாப்பாட்டின்போது அறிவித்தேன். "இந்த வருஷம் லீவுக்கு நாம பனிச்சறுக்குக்குப் போறோம்."

ஒன்பது வயசு மகள் கையிலிருந்த அப்பளத்தோடு எழுந்து ஆடினாள். அம்மா மட்டும் பதறிவிட்டாள்.

"பனியா? மார்கழிப் பனியிலே வாசல்ல கோலம் போட்டாலே எனக்குப் பத்து நாளைக்குச் சளி. பனியைத் தேடிக்கிட்டு ரயிலேறிப் போவாங்களா?"

தமிழில் இது ஒரு சங்கடம். புல் நுனியில் நிற்பதும் பனி, இமயமலையில் ஆளை மூடுவதும் பனி. அம்மாவுக்கு இரண்டுக்கும் ஒரே மருந்து, மப்ளர்.

"ஏங்க, ஏலகிரி?" என்றாள் மனைவி. பிறகு அவளே தலையை ஆட்டிக்கொண்டாள். "வேணாம். ஆறு தடவை போயாச்சு. பதினாலு கொண்டை ஊசி வளைவுக்கும் வச்சிருக்கிற புலவர் பேரெல்லாம் எனக்கே மனப்பாடம்."

விஷயம் தெரிந்தவரைக் கேட்போம் என்று ஞாயிற்றுக்கிழமை மாமாவைப் பார்க்கப் போனோம். மாமா என்றால் மனைவியின் அப்பா. ஊர் கம்மவான்பேட்டை. வேலூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்துக்குப் போன ஊர் அது. 1984 ஏப்ரலில் நம் ராணுவம் சியாச்சின் பனிமலையில் ஏறி இடம் பிடித்தது. அதற்கு நாலு வருஷம் கழித்து மாமாவும் அங்கே காவலுக்குப் போனார். திரும்பி வரும்போது இடது காலில் இரண்டு விரல் இல்லை. அத்தை போன பிறகு தனியாகத்தான் இருக்கிறார். பனியைப் பற்றி அவர் பேசி நாங்கள் யாரும் கேட்டதில்லை.

நான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மாப்ளே, பனிச்சறுக்குன்னா முதல்ல விழறதுக்குக் கத்துக்கணும். உக்காருங்க."

அப்புறம் ஒரு மணி நேரம் எனக்கு ராணுவப் பயிற்சி. அதன் சுருக்கம், பிற்காலத்தில் யாருக்காவது உதவும் என்பதால், இதோ:

நம் நாட்டில் பனிச்சறுக்கு என்றால் எல்லோரும் முதலில் சொல்வது காஷ்மீரத்து குல்மார்க். ராணுவம் 1948-லேயே பனிச்சறுக்குப் பள்ளி ஆரம்பித்த இடம். ரோப் காரில் ஏறினால் ஏறக்குறைய நாலாயிரம் மீட்டர் உயரம் வரை கொண்டுபோய் விடும். ஆனால் அது தேர்ந்தவர்கள் சறுக்கும் சரிவு. கூட்டமும் ஜாஸ்தி, செலவும் ஜாஸ்தி. அடுத்தது உத்தராகண்டில் ஆவ்லி. நல்ல சரிவு. ஆனால் அடிவாரத்து ஜோஷிமட்டில் 2023 ஜனவரியில் பூமி இறங்கி வீடுகளெல்லாம் விரிசல் விட்டது, ரோப் காரையும் நிறுத்தினார்கள். அம்மாவை வைத்துக்கொண்டு அந்த மலைப் பாதை வேண்டாம். மணாலி பக்கத்து சோலங் பள்ளத்தாக்கில் பனியைவிடத் தலைகள் அதிகம்.

"உங்க பெட்டியில போட்டிருக்கிற ஊரே சரி" என்றார் மாமா. "நார்கண்டா. சிம்லாவுக்கு மேல அறுபது கிலோமீட்டர் சொச்சம். ஒன்பதாயிரம் அடி உயரம்தான், மூச்சு முட்டாது. சின்ன ஊர், சின்னச் சரிவு. புதுசா கத்துக்கிறவனுக்குச் சின்னச் சரிவுதான் வேணும். பெரிய மலைக்குப் பெரிய காசு குடுத்துட்டு அடிவாரத்துல விழுந்துக்கிட்டு இருக்கறதுக்கு, சின்ன மலையில விழலாம்."

இந்த ஒரு வாக்கியத்திலேயே என் பட்ஜெட் பாதியாகக் குறைந்தது.

இன்னும் சொன்னார். டிசம்பர் கடைசி வேண்டாம், புது வருஷக் கூட்டத்தில் ரூம் வாடகை எகிறிவிடும். ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி பாதிக்குள் போகலாம். அப்போதும் பனிக்கு யாரும் கேரண்டி தரமுடியாது. 2024 ஜனவரியில் குல்மார்க்கே வெறும் புல்தரையாகக் கிடந்தது. ஆகவே கிளம்புவதற்கு முன் போன் போட்டு விசாரிக்க வேண்டும். ரூம் எடுக்குமுன் கேட்க வேண்டிய கேள்வி மூன்று: ஹீட்டருக்குத் தனிக் காசா, வெந்நீர் எத்தனை மணிக்கு, ரோடு அடைத்தால் பணம் திரும்ப வருமா? பனி விழுந்து பாதை மூடலாம், அதனால் ஒரு நாள் கையிருப்பாக வைத்துக்கொள்ள வேண்டும்.

"துணி?"

"பருத்தி பனியன், ஜீன்ஸ் ரெண்டும் எதிரி. நனைஞ்சா காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிடும். உள்ளே கம்பளியோ சிந்தெடிக்கோ ஒண்ணு, நடுவுல ஸ்வெட்டர், மேல தண்ணி புகாத கோட்டு. ஒரே தடியா ஒண்ணு போடாதீங்க, மூணு மெல்லிசாப் போடுங்க. கையுறை ரெண்டு ஜோடி. கறுப்புக் கண்ணாடி கட்டாயம். பனியில வெயில் பட்டுத் திரும்பினா கண்ணு எரியும். விரல் மரத்துப் போச்சுன்னா சும்மா விடாதே, தேய்க்கவும் தேய்க்காதே. உள்ளே வந்து மெதுவாச் சூடு காட்டு."

கடைசி வரியைச் சொல்லும்போது மட்டும் அவர் காலைப் பார்த்தார். நானும் பார்க்காத மாதிரி பார்த்தேன்.

அம்மாவுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். "அங்கே கோயில் இருக்கா?" இருந்தது. பக்கத்து ஹாட்டு சிகரத்தில் ஹாட்டு மாதா கோயில். பதினோராயிரம் அடி. அம்மா உடனே "சரி" என்றாள். பனிக் காலத்தில் அந்தக் கோயில் பாதை மூடியிருக்கும் என்பதை மாமா அப்புறம்தான் என் காதில் சொன்னார். இன்றுவரை அம்மா காதுக்கு அது போகவில்லை.

இனி கணக்கு. மனைவி மூன்று வருஷமாக ஏலச்சீட்டு கட்டி வந்தாள். தள்ளு போகக் கைக்கு வந்தது அறுபதாயிரம். நோட்டைத் திறந்தேன். நான், மனைவி, மகள், அம்மா, மாமா, ஆக ஐந்து பேர்.

காட்பாடியிலிருந்து டெல்லி, ஸ்லீப்பரில் போக வர: 10,000. டெல்லி, கல்கா, சிம்லா, நார்கண்டா, போக வர: 8,000. போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று என்று டெல்லியில் இரண்டு ராத்திரி: 6,000. நார்கண்டாவில் நாலு ராத்திரி, இரண்டு ரூம்: 16,000. பலகை, பூட்ஸ், கம்பு வாடகையும் சொல்லிக்கொடுப்பவர் கூலியும், மூன்று பேருக்கு மூன்று நாள்: 13,500. சாப்பாடு: 12,000. குளிர் துணி: 5,000.

கூட்டினேன். 70,500. பத்தாயிரத்து ஐந்நூறு உதைத்தது.

ராத்திரி பன்னிரண்டு மணி வரை கூட்டிக் கூட்டிப் பார்த்தேன். எப்படிக் கூட்டினாலும் கணக்கு வாத்தியார் பையன் மாதிரி அதே விடை. அப்புறம்தான் அந்த யோசனை வந்தது. இரண்டு பெயரை அடித்தால் என்ன? அம்மாவும் மாமாவும் சறுக்கப் போவதில்லை. சும்மா ரூமில் உட்காரப் போகிறவர்கள். இரண்டு பேர் குறைந்தால் ஒரு ரூம் மிச்சம், டிக்கெட் மிச்சம், இருபதாயிரத்துக்கு மேல் லாபம். வயசானவர்களுக்கு இருந்த ரயில் சலுகையையும் 2020-ல் நிறுத்திவிட்டார்கள். நியாயம் எல்லாம் என் பக்கம் வரிசையாக வந்து நின்றது. பென்சிலால் இரண்டு பெயர் மேலும் லேசாக ஒரு கோடு போட்டுவிட்டுப் படுத்தேன்.

காலையில் காபியோடு நோட்டும் வந்தது.

மனைவி சண்டை போடவில்லை. போட்டிருந்தால் சமாளித்திருப்பேன். "அப்பா வர மாட்டேன்னு அவரே சொல்லிட்டாரு. நேத்து போன் பண்ணாரு. நீங்க கோடு போட்டது வேஸ்ட்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பொதுவாக, செலவு குறைந்தது என்று கேட்டால் ஒரு குமாஸ்தா சந்தோஷப்பட வேண்டும். அன்றைக்கு ஆம்பூர் பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட்டே கிடைத்தும் சந்தோஷம் வரவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல் நேராக கம்மவான்பேட்டைக்கு பஸ் பிடித்தேன்.

"ஏன் மாமா வர மாட்டேங்கறீங்க? பனி பார்த்து அலுத்துப் போச்சா?"

மாமா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "மாப்ளே, நான் பனியைப் பார்த்ததே இல்லை. பனிக்குள்ள இருந்தேன். அது வேற. கூடாரத்து மேல விழற பனியை மணிக்கணக்கா வாரிக் கொட்டணும். இல்லேன்னா அமுக்கிடும். அழகா இருக்குதான்னு பார்க்க யாருக்கு நேரம்?"

"அப்போ இப்ப வந்து பாருங்க."

"நான் சறுக்க மாட்டேன்."

"வேண்டாம்."

"கண்ணாடி ஜன்னல் இருக்குமா? உள்ளே உக்காந்து டீ குடிக்கிட்டே வெளியே பனி விழறதைப் பார்க்கணும். அவ்வளவுதான்."

வாசகர்களே, இதற்கு என்ன பதில் சொல்வது? "இருக்கும் மாமா" என்றேன். குரல் கொஞ்சம் கம்மியது. கம்மவான்பேட்டைத் தூசிதான் காரணம்.

வீட்டுக்கு வந்ததும் நோட்டில் பென்சில் கோட்டை அழித்தேன். கணக்கை வேறு பக்கம் வெட்டினேன். டெல்லி ஹோட்டல் இரண்டு ராத்திரியும் ரத்து. மத்தியானம் இறங்கி அன்று ராத்திரியே கல்கா ரயில். திரும்பும்போதும் அதே மாதிரி ராத்திரிப் பயணம். 6,000 மிச்சம். பழைய கல்கா மெயிலுக்கு 2021-ல் நேதாஜி எக்ஸ்பிரஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நேதாஜி மார்க்கெட்டில் கிளம்பி நேதாஜி எக்ஸ்பிரஸில் போகிறோம், ராசியான ரூட். கல்காவில் விடிகாலை பொம்மை ரயில், 1903-ல் போட்ட பாதை, நூற்றுக்கு மேல் சுரங்கம். மகளுக்கு அதுவே பாதி லீவு.

பாக்கி 4,500. அது யாருடைய சறுக்கல் செலவு என்று பார்த்தேன். என்னுடையது. அடித்தேன். குடும்பத் தலைவன் சறுக்கினால் குடும்பமே சறுக்கியது மாதிரி அல்லவா? (நாற்பது வயசில் எலும்பு உடைந்தால் எத்தனை நாள் லீவு எடுப்பாய் என்று மேனேஜரும் கேட்டிருந்தார்.) கணக்கு சரியாக அறுபதாயிரம்.

"ஒரு நாள் மட்டும் என் பலகையை நீங்க மாட்டிக்குங்க" என்றாள் மனைவி. அதுவும் சரிதான். பூட்ஸ் சைஸ்தான் உதைக்கும்.

ரயில் முன்பதிவு இப்போது அறுபது நாளைக்கு முன்னால்தான் திறக்கிறது. அந்தக் காலையில் எட்டு மணிக்கு மூன்று பேர் மூன்று போனோடு உட்கார்ந்து ஐந்து டிக்கெட் பிடித்தோம். இரண்டு லோயர் பெர்த் பெரியவர்களுக்கு. ஆம்பூரில் ஏற்றுமதிக்குப் போய் சின்னக் குறையால் தள்ளப்பட்ட சரக்கு விற்கும் கடையில் ரோமம் வைத்த பூட்ஸ் ஐந்து ஜோடி வாங்கினேன். மாமா ஒரு பூட்ஸைத் திருப்பித் தையலை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "நல்ல வேலை. இது எங்க ஊர்ல தைச்சதா?" என்றார். பதினான்கு வருஷத்தில் என் கம்பெனிக்கு யாரும் கொடுக்காத சர்டிபிகேட் அது.

இப்போது ஞாயிறு தோறும் பாலாற்றில் பயிற்சி. எங்கள் ஆற்றில் தண்ணீர் இல்லாததன் ஒரே நன்மை இதுதான். கரை மணல் சரிவில் மகள் தென்னை மட்டையைக் காலில் கட்டிக்கொண்டு நிற்கிறாள். மாமா கீழே நின்று கத்துகிறார்: "முன்பக்கம் ஒட்டி, பின்பக்கம் விரிச்சு, கூரை மாதிரி வை! முட்டியை மடக்கு! விழணும்னா பக்கவாட்டில விழு!"

அவள் எல்லாப் பக்கமும் விழுகிறாள். அம்மா கரையில் மப்ளரோடு உட்கார்ந்து எண்ணுகிறாள்.

நோட்டில் கடைசியாக ஒரு வரி சேர்த்திருக்கிறேன். 'மாமா டீ, ஜன்னல் ஓரம், நாலு நாள்: 400.' அறுபதாயிரத்துக்கு மேல் போகிறதே என்று மனைவி கேட்கவில்லை. அம்மா மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"எனக்கும் சேர்த்து எழுதுடா. அந்த ஜன்னல்ல ரெண்டு பேர் உக்காரலாம்."